அம்பயர் சொன்னா சொன்னதுதானா?

நம்ம கிரவுண்டில் எல்பிடபிள்யூ கிடையாது. ஏன் கிடையாதுன்னு எப்போதாவது யோசிச்சிருக்கீங்களா? காரணம் ரொம்ப எளிது. பேட்டிங் டீமிலிருந்து ஒருத்தன்தான் அம்பயராக நிற்பான். பந்து காலில் பட்டு ஸ்டம்புக்குப் போயிருக்குமா இல்லையான்னு சொல்ல வேண்டிய ஆள், அடுத்து பேட்டிங் பிடிக்கப் போகிறவன். அவன் கையைத் தூக்குவான்னு எதிர்பார்க்க முடியாது. அதனால யாரோ ஒரு புண்ணியவான், நாம பிறப்பதற்கு முன்னாடியே, சண்டை வரும் இடத்தை விதியிலிருந்தே வெட்டி எடுத்துட்டான். கேட்ச், போல்டு, ரன் அவுட். அவ்வளவுதான்.

ஆனாலும் போன வருஷம் சண்டை வந்தது. வரவழைத்தது நான்.

விழுப்புரம் பஸ்ஸுக்கும் திண்டிவனம் பஸ்ஸுக்கும் வருஷா வருஷம் நடக்கும் 10 ஓவர் மேட்ச் பற்றி டே ஸ்காலர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஹாஸ்டல்காரர்களுக்காக: தோற்ற பஸ், ஜெயித்த பஸ்ஸுக்கு விக்கிரவாண்டியில் பரோட்டா வாங்கித் தரணும். நான் விழுப்புரம் பஸ். கணுக்கால் சுளுக்கியிருந்ததால் விளையாடவில்லை, நாங்கள் பேட்டிங் பிடித்தபோது அம்பயராக நின்றேன். கடைசி ஓவர், 3 பந்தில் 5 ரன் வேணும், கையில் ஒரே விக்கெட். திண்டிவனம் பஸ்ஸின் பவுலர் செகண்ட் இயர் பையன். ஓடி வந்தவன் பந்தைப் போடவில்லை. என் பக்கத்து ஸ்டம்பைத் தட்டிவிட்டு, "அண்ணா, அவுட்" என்றான். எங்க பஸ்ஸின் நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸை விட்டு ஒரு கஜம் வெளியே நின்றிருந்தான். நான் பார்த்தேன். தெளிவாகவே பார்த்தேன்.

"முதல்ல வார்னிங் குடுக்கணும்டா. நாட் அவுட்" என்றேன்.

திண்டிவனம் கேப்டன் மொபைலில் விதியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். வார்னிங் என்ற வார்த்தையே அதில் இல்லை. நான் அதைப் படிக்கக்கூட இல்லை. "அம்பயர் டிசிஷன் ஃபைனல்" என்றேன். அடுத்த பந்து ஃபோர், அதற்கடுத்து சிங்கிள். அன்றைக்குச் சாப்பிட்ட பரோட்டாவை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. சால்னா நல்லாத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அம்பயர்கள் செய்த தவறுகளைப் பற்றி, செமஸ்டருக்குப் படித்ததைவிட அதிகமாகப் படித்துவிட்டேன். அதில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அம்பயர் தவறு என்று நாம ஒரே பெயரில் திட்டுவது உண்மையில் இரண்டு வேறு வேறு தவறுகள். ஒன்று, நடந்ததைத் தப்பாகப் பார்ப்பது. இன்னொன்று, நடந்ததைச் சரியாகப் பார்த்துவிட்டு, அதற்குத் தப்பான விதியைப் போடுவது.

இந்த இரண்டையும் சுத்தமாகப் பிரித்துக் காட்ட கிரிக்கெட்டை விட பேஸ்பால் வசதி. பேஸ்பால் நம்ம ஊரில் யாரும் பார்ப்பதில்லை, எனக்கும் முழுசாகத் தெரியாது. ஆனா இரண்டு கதைகள் போதும்.

முதல் கதை, 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலரகா என்ற பவுலர் (அங்கே பிட்ச்சர் என்பார்கள்) வரிசையாக 26 பேரை அவுட்டாக்கிவிட்டார். 27-வது ஆளும் அவுட்டானால் 'பெர்ஃபெக்ட் கேம்'. ஒருத்தரையும் முதல் பேஸுக்குக்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் முடிப்பது. நூறு வருஷத்துக்கும் மேலான வரலாற்றில் அது ரொம்ப அபூர்வம். 27-வது ஆள் பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறார். பந்து முதலில் வந்ததா, கால் முதலில் வந்ததா? அம்பயர் ஜிம் ஜாய்ஸ் "சேஃப்" என்று கையை விரித்தார். ரீப்ளேயில் பார்த்தால் ஆள் அவுட். ஆட்டம் முடிந்து ரீப்ளேயைப் பார்த்த ஜாய்ஸ், தப்பு செய்துவிட்டேன் என்று கலரகாவிடம் அழுதே மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்தத் தீர்ப்பை யாரும் மாற்றவில்லை. லீக்கின் தலைவர் நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம் என்று பலர் கேட்டார்கள், அவர் மாற்றவில்லை. அது கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பு, அப்படியே நின்றது.

இரண்டாவது கதை 1983 ஜூலை 24, நியூயார்க். கான்சாஸ் சிட்டி டீமின் ஜார்ஜ் பிரெட் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடிக்கிறார். 3-4 என்று பின்தங்கியிருந்த டீம் 5-4 என முன்னே போகிறது. எதிர் டீம் மேனேஜர் பில்லி மார்ட்டின் வந்து, பேட்டைப் பாருங்க என்கிறார். கைப்பிடி வழுக்காமல் இருக்க பைன் மரப் பிசின் தடவுவார்கள், அது 18 அங்குலத்துக்கு மேலே போகக்கூடாது என்று விதி. அம்பயர்கள் பேட்டைத் தரையில் வைத்து, 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டோடு ஒப்பிட்டு அளந்தார்கள். பிசின் தாண்டித்தான் போயிருந்தது. பிரெட் அவுட், ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள். பிரெட் வெறிகொண்டு ஓடி வரும் வீடியோவை அவசியம் பாருங்க.

இங்கே அம்பயர்கள் அளந்ததில் தவறே இல்லை. ஆனா லீக் தலைவர் லீ மெக்ஃபெயில், கான்சாஸ் சிட்டியின் புகாரை ஏற்றுக்கொண்டார். பிசின் அதிகமா இருந்தா அந்த பேட்டை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடணும், அவ்வளவுதான். அடித்த ஹோம் ரன்னை அழிக்க விதியில் இடமில்லை என்றார். ஆகஸ்ட் 18 அன்று, நின்ற இடத்திலிருந்து ஆட்டம் திரும்பத் தொடங்கியது. கான்சாஸ் சிட்டி 5-4 என ஜெயித்தது.

கண் தவறியபோது ஒரு ஆளின் வாழ்நாள் சாதனையே போனாலும் மாற்றவில்லை. விதியைத் தப்பாகப் போட்டபோது 25 நாள் கழித்து எல்லோரையும் திரும்ப மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். முதலில் படித்தபோது எனக்கு இது தலைகீழாகத்தான் பட்டது. யோசித்தால் புரியுது. கண்ணால் பார்த்த தீர்ப்பை மறுநாள் திறந்தால், எதையும் மூட முடியாது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வழக்கு வரும். ஆனா விதி எழுத்தில் இருக்கிறது. மைதானத்தில் நின்றவருக்கும் ஆபீஸில் உட்கார்ந்தவருக்கும் ஒரே எழுத்துதான். (2014-ல் ரீப்ளேயை விரிவாகக் கொண்டுவந்த பிறகு பேஸ்பாலும் மாறிவிட்டது. ஆட்டம் முடிந்தபின் புகார் செய்யும் அந்த வழியை 2020-ல் எடுத்தே விட்டார்கள்.)

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சேப்பாக்கம், 1986 செப்டம்பர் 22. இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த அதே மேட்ச். இந்தியா ஜெயிக்க 348 வேணும். கடைசி ஓவரில் ஒரு விக்கெட் கையில், 4 ரன் பாக்கி. ரவி சாஸ்திரி ஒரு டூ, ஒரு சிங்கிள் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டார். இனி தோற்க முடியாது. ஒரு ரன் எடுத்தால் வெற்றி. ஸ்ட்ரைக்கில் மணிந்தர் சிங். நாலாவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து, கிரெக் மேத்யூஸ் போட்டது, பேடில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். 347-க்கு ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை.

பந்து முதலில் பேட்டில் பட்டது என்பது மணிந்தரின் வாதம். அப்படிப் பட்டிருந்தால் அது எல்பிடபிள்யூ ஆகாது. அன்று ஸ்னிக்கோ கிடையாது, பந்தின் பாதையைக் கணக்கிடும் கேமரா கிடையாது, மூன்றாவது அம்பயர்கூட கிடையாது. டிவி ரீப்ளே பார்க்கும் மூன்றாவது அம்பயர் சர்வதேச கிரிக்கெட்டுக்கு வந்ததே 1992-ல்தான். விக்ரம்ராஜு அதற்குப் பிறகு இன்னொரு டெஸ்ட்டில் அம்பயராக நிற்கவில்லை.

எங்க அப்பாவுக்கு அப்போ 12 வயசு. விழுப்புரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்று ரேடியோவில் கேட்டாராம். இன்னிக்கும் அந்தப் பேச்சை எடுத்தால், "பேட்ல பட்டுச்சுடா, நல்லாவே தெரிஞ்சுது" என்பார். "ரேடியோவுல எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று ஒரு தடவை கேட்டேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எல்பிடபிள்யூவில் அம்பயர் பார்த்ததை மட்டும் சொல்வதில்லை. பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, அதற்கு முன்னாடி பேட்டைத் தொட்டதா என்பதெல்லாம் நடந்த விஷயங்கள். கால் இல்லாமலிருந்தால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பது நடக்கவே நடக்காத விஷயம். அதையும் சேர்த்து ஒரு நொடியில் அவர் சொல்லியாகணும். ஆட்டத்தில் இதைவிடக் கஷ்டமான கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை. அதை 22 கஜம் தள்ளி நின்று, பவுலரின் கால் கிரீஸைத் தாண்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, உடனே நிமிர்ந்து சொல்லணும். சுளுக்கிய காலோடு 10 ஓவர் நின்றதிலேயே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

இந்த வேலையை 73 டெஸ்ட்டில் செய்தவர் நம்ம எஸ். வெங்கட்ராகவன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த இன்ஜினியர், இந்தியாவுக்கு 57 டெஸ்ட் ஆடியவர், 1975, 1979 உலகக் கோப்பைகளில் கேப்டன். ஆடியதைவிட அம்பயராக நின்ற டெஸ்ட்தான் அதிகம். கோர் கம்பெனியில் பிளேஸ்மென்ட் கிடைக்கலன்னு கவலைப்படுபவர்கள் இதையும் ஒரு வழியாக வைத்துக்கொள்ளலாம்.

டிஆர்எஸ் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2008 ஜனவரி சிட்னி டெஸ்ட்டில், 30 ரன்னில் பேட் விளிம்பில் பட்டுக் கேட்ச் கொடுத்த ஆண்ட்ரூ சைமண்ட்ஸுக்கு ஸ்டீவ் பக்னர் நாட் அவுட் கொடுத்தார். சைமண்ட்ஸ் 162 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். இந்தியாவின் கோபத்தில் அடுத்த பெர்த் டெஸ்ட்டிலிருந்து பக்னர் நீக்கப்பட்டார். அதே வருஷம் ஜூலையில், இலங்கையில் நடந்த இந்தியா-இலங்கைத் தொடரில் டிஆர்எஸ் சோதனைக்கு வந்தது. அந்தத் தொடரில் ரிவ்யூ நமக்குச் சரியாக அமையவில்லை. அப்புறம் அது வேண்டாம்னு பிடிவாதம் பிடித்ததும் நாமதான். முழுசாக ஏற்றுக்கொண்டது 2016 கடைசியில், இங்கிலாந்து தொடரில்.

டிஆர்எஸ்ஸில் எல்லோரும் திட்டுவது 'அம்பயர்ஸ் கால்'. ஒரே பந்து, ஸ்டம்பின் ஓரத்தில் உரசுது. அம்பயர் அவுட் சொல்லியிருந்தால் அவுட், நாட் அவுட் சொல்லியிருந்தால் நாட் அவுட். பட்டா அவுட், படலன்னா நாட் அவுட், இதுல என்ன இழுபறி என்று கமென்டரியிலேயே கேட்பார்கள். ஃபர்ஸ்ட் இயர் லேபில் வெர்னியர் காலிப்பர் பிடித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. லீஸ்ட் கவுன்ட் 0.1 மில்லிமீட்டர் உள்ள கருவியை வைத்துக்கொண்டு 0.03 வித்தியாசத்தைப் பற்றிப் பேசினால் லேபில் ரெக்கார்ட் நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஸ்டம்புக்குப் போகும் பாதையை கேமரா பார்ப்பதில்லை. காலில் பட்டதுவரை பார்த்ததை வைத்து மீதியைக் கணக்குப் போடுது. அந்தக் கணக்கில் பிழை இருக்கும். அதனால் பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் படுகிறது என்று காட்டினால், 'இந்த அளவு நுணுக்கத்தில் நான் சொல்வதை நம்பி, நேரில் நின்றவர் சொன்னதை மாற்றாதீங்க' என்று கருவியே ஒதுங்கிக்கொள்ளுது. என்னைக் கேட்டால், கிரிக்கெட்டில் இருப்பதிலேயே நேர்மையான விதி அதுதான்.

ஆக, கண் தவறுக்கு மருந்து வந்துவிட்டது. விதித் தவறுக்கு?

2019 ஜூலை 14, லார்ட்ஸ், உலகக் கோப்பை ஃபைனல். இங்கிலாந்துக்கு 3 பந்தில் 9 ரன் வேணும். பென் ஸ்டோக்ஸ் அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்குத் திரும்பி ஓடுகிறார், மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து, பாய்ந்து விழுந்த ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு பவுண்டரிக்குப் போய்விடுகிறது. ஓடிய 2, பவுண்டரி 4, மொத்தம் 6 என்று இலங்கை அம்பயர் குமார் தர்மசேன காட்டினார். 2 பந்தில் 3 என ஆனது. கடைசியில் இரண்டு டீமும் 241, சூப்பர் ஓவரும் சமம், பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கோப்பை.

விதி 19.8 என்ன சொல்கிறது என்றால், ஓவர்த்ரோ பவுண்டரிக்குப் போனால், முடித்த ரன்களோடு, ஓடிக்கொண்டிருக்கும் ரன்னையும் சேர்க்கலாம்; ஆனா பந்தை எறிந்த நொடியில் பேட்ஸ்மேன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்திருக்கணும். கப்டில் எறிந்தபோது ஸ்டோக்ஸும் அடில் ரஷீதும் கடந்திருக்கவில்லை. அப்படியென்றால் 1 கூட்டல் 4, மொத்தம் 5. அடுத்த பந்தை ஆட வேண்டியவர் ரஷீத். சைமன் டாஃபல் இதை வெளிப்படையாகவே தவறு என்றார். தர்மசேனவும் சில நாளில், டிவியில் பார்த்தபிறகு தவறு தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனா மைதானத்தில் ரீப்ளே பார்க்கும் வசதி தனக்கு இல்லை, அந்தத் தீர்ப்புக்காக வருந்தப் போவதில்லை என்றும் சொன்னார். கோபப்பட வேண்டாம், அவர் பக்கம் நின்று பாருங்க. எறிந்த நொடியில் கப்டிலைப் பார்க்கணும், அதே நொடியில் பிட்ச்சின் நடுவில் இரண்டு பேரையும் பார்க்கணும். இரண்டும் எதிரெதிர் திசை.

இங்கே கண் தவறும் விதித் தவறும் கலந்து கிடக்கு. கடந்தார்களா என்பது கண் விஷயம். ஆனா அந்தக் கேள்வியே மைதானத்தில் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை, அது விதி விஷயம். நியூசிலாந்து போய்ப் புகார் கொடுக்க, பேஸ்பாலில் மெக்ஃபெயில் மாதிரி ஒரு ஆள் கிரிக்கெட்டில் இல்லை. விதி 2.12 இப்படிச் சொல்லுது: அம்பயர் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம், ஆனா உடனடியாக மாற்றணும், மற்றபடி சொன்ன முடிவே இறுதி. கண் தவறா, விதித் தவறா என்ற பேதமே அதில் இல்லை. இரண்டுக்கும் ஒரே பூட்டு. திறந்திருக்கும் ஒரே ஜன்னல், 'உடனடியாக' என்ற அந்த ஒரு வார்த்தை.

இதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. திண்டிவனம் கேப்டன் மொபைலோடு ஓடி வந்தபோது அடுத்த பந்து போடப்படவில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

இனி அந்த விதி. முன்பு 41.16, இப்போ 38.3. நம்மில் பலர் 'மன்கட்' என்று சொல்வது. 1947 டிசம்பரில் சிட்னியில் பில் பிரவுனை வினூ மன்கட் இப்படி அவுட்டாக்கியதால் வந்த பெயர். தப்பு செய்தவன் கிரீஸை விட்டு வெளியே போனவன், பெயர் கெட்டது ஸ்டம்பைத் தட்டியவருக்கு. 2022 அக்டோபரில்தான் இது 'முறையற்ற ஆட்டம்' என்ற அத்தியாயத்திலிருந்து 'ரன் அவுட்' அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. நான் சொன்ன 'முதல்ல வார்னிங்' விதியில் எங்குமே இல்லை. அது சிலர் மரியாதைக்காகச் செய்த வழக்கம். வழக்கத்தை விதி என்று சொல்லி நான் அந்தப் பையனை ஏமாற்றியிருக்கிறேன்.

ஆனா இந்த விதியிலும் கண் வேலை ஒன்று ஒளிந்திருக்கு. பந்து ஆட்டத்துக்கு வந்ததிலிருந்து, பவுலர் வழக்கமாகப் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் நொடிவரை நான்-ஸ்ட்ரைக்கரை அவுட்டாக்கலாம். 'எதிர்பார்க்கப்படும் நொடி'. அது எந்த நொடி? 2019 மார்ச் 25, ஜெய்ப்பூரில், 69 ரன்னில் ஆடிக்கொண்டிருந்த ஜோஸ் பட்லரை அஷ்வின் அவுட்டாக்கினாரே, முழுச் சண்டையும் அந்த நொடியைப் பற்றித்தான். அஷ்வின் ஓடி வந்து, நின்றுவிட்டார். பட்லர் தன் போக்கில் வெளியே போனார். மூன்றாவது அம்பயர் புரூஸ் ஆக்ஸன்ஃபோர்டு அவுட் கொடுத்தார். விதிகளை எழுதும் எம்சிசி முதலில் அது அம்பயர் தீர்மானிக்க வேண்டியது என்ற தொனியில் பேசியது. அடுத்த நாள், அஷ்வின் நின்ற நேரம் அதிகம், அது ஆட்டத்தின் உணர்வுக்கு ஏற்றதல்ல என்றது. எழுதியவர்களுக்கே ஒரு நாளில் மனசு மாறும் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அம்பயர் என்ன செய்வார்? (அஷ்வினும் இன்ஜினியர்தான், எஸ்எஸ்என்னில் ஐடி. விதிப் புத்தகத்தைக் கோடிங் டாக்குமென்ட் மாதிரி படிக்கும் ஆள் என்று அப்போதே தெரிந்தது.)

அந்த ஓட்டையை அடைக்க வைத்தது இன்னொரு ஸ்பின்னர். 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஜாம்பா, டாம் ராஜர்ஸை இதேபோல் ஸ்டம்பைத் தட்டி அவுட் கேட்டார். ராஜர்ஸ் வெளியேதான் இருந்தார். ஆனா நாட் அவுட். ஜாம்பாவின் கை உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அதாவது, பந்தை விட்டிருக்க வேண்டிய நொடி கடந்துவிட்டது. தீர்ப்பு சரி என்று எம்சிசி சொன்னது. கூடவே, அதே மாதம் விதியின் வாசகத்தையும் திருத்தியது. அந்த நொடியைத் தாண்டியபின், நான்-ஸ்ட்ரைக்கர் அதற்கு முன்பே வெளியே போயிருந்தாலும் அவரை அவுட்டாக்க முடியாது என்று தெளிவாக எழுதினார்கள். எனக்குப் பிடித்தது இந்த வரிசை. ஒரு தீர்ப்பு, அதனால் ஒரு சண்டை, அதனால் ஒரு நல்ல வாக்கியம்.

இந்த ஜனவரியில் அந்த செகண்ட் இயர் பையனை, இப்போ தேர்ட் இயர், கேன்டீனில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். உன் அவுட் சரி, நான்தான் இல்லாத விதியைச் சொன்னேன் என்று. அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "தெரியும்ணா" என்றான். கொஞ்சம் கழித்து, "நீங்க வெளிய நின்னதைப் பாக்கலன்னு சொல்லியிருந்தா விட்டுருப்பேன்ணா. வார்னிங்னு சொன்னீங்கல்ல, அதான்" என்றான்.

இந்த வருஷ மேட்சுக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பக்க விதித்தாள் எழுதியிருக்கிறோம். இரண்டு பஸ்ஸின் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும், பாருங்க. எல்பிடபிள்யூ இல்லை, அது அப்படியே. அம்பயர் இனி ஃபீல்டிங் பஸ்ஸிலிருந்தும் ஒருத்தர், பேட்டிங் பஸ்ஸிலிருந்தும் ஒருத்தர். பார்த்ததைப் பற்றி யாரும் அம்பயரிடம் கேட்கக்கூடாது. விதியைப் பற்றி கேப்டன் மட்டும், அடுத்த பந்துக்கு முன்னாடி, தாளைக் காட்டிக் கேட்கலாம். தாளில் இருந்தால் அம்பயர் மாற்றியே ஆகணும். நான்-ஸ்ட்ரைக்கர் ரன் அவுட்டுக்கு வார்னிங் தேவையில்லை, இது தடித்த எழுத்தில், அவன் பிடிவாதத்தால்.

"கை பாதியில நின்னுட்டா என்னண்ணா பண்றது?" என்று கேட்டான். அஷ்வின் கேள்வி. அரைமணி நேரம் எழுதி எழுதி அடித்தோம். எத்தனை நொடி என்று போடலாமா, அதை யார் எண்ணுவது, எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் 'அதை அம்பயர் பார்த்துச் சொல்வார்' என்று மட்டும் எழுதி, அடுத்த வரிக்குப் போனோம். அடுத்த வரி பரோட்டாவைப் பற்றியது.